இலங்கைத் தமிழ் என்றால் திரையில் ஒரே பேச்சுத்தானா? அம்மாவுடன் பார்க்கப் படம் சொல்லுங்கள்

டிக்கோயா ஆசிரியை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இலங்கை மலையகத்தில், டிக்கோயாவுக்கு அருகில் உள்ள ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் கற்பிக்கிறேன். என் அம்மா பல வருடங்கள் கொழுந்து எடுத்துவிட்டு இப்போது என்னுடன் வீட்டில் இருக்கிறார். கிழமை நாட்களில் இரவு ஏழு மணிக்குத் தொடங்கினால் பத்து மணி வரை அவருக்குத் தொடர் நாடகங்கள்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்துவேன். ஞாயிற்றுக்கிழமை மாலையில் மட்டும் இருவரும் சேர்ந்து ஒரு படம் பார்ப்பது எங்கள் வழக்கம்.

சில வாரங்களுக்கு முன் ‘டூரிஸ்ட் ஃபேமிலி’ பார்த்தோம். 2025 மே மாதம் வெளிவந்த படம், இயக்குநர் அபிஷன் ஜீவிந்துக்கு முதற்படம். பொருளாதார நெருக்கடி தாங்காமல் வல்வெட்டித்துறையிலிருந்து படகேறி இராமேஸ்வரம் போய், பின் சென்னையில் ஒரு தெருவில் தாங்கள் யாரென்று வெளியே சொல்லாமல் வாழத் தொடங்கும் ஒரு குடும்பத்தின் கதை. சசிகுமாரும் சிம்ரனும் கணவன் மனைவியாக மனத்தில் ஒட்டிக்கொள்கிறார்கள். அம்மா வாய்விட்டுச் சிரித்தார்; இரண்டு இடங்களில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். படம் முடிந்ததும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “நல்ல படம்தான். ஆனா இவங்க யாழ்ப்பாணத்து ஆளுங்க. நம்ம மாதிரி பேசுறவங்கள இலங்கைன்னு சொல்லி எந்தப் படத்துலயாச்சும் காட்டியிருக்காங்களா?” என்று கேட்டார். எனக்கு உடனே பதில் வரவில்லை.

இந்தக் கேள்வி எனக்குப் புதிதும் அல்ல. அப்பாவின் வைத்தியத்துக்காக ஒருமுறை சென்னைக்குப் போயிருந்தபோது, ஓட்டோ ஓட்டிய அண்ணன் ஒருவர் நாங்கள் இலங்கை என்று சொன்னதை நம்பவே இல்லை. “உங்க பேச்சு அப்படி இல்லையே” என்றார். அவருக்குத் தெரிந்த இலங்கைப் பேச்சு ‘தெனாலி’ படத்தில் கமல்ஹாசன் பேசியது. அதன் இனிமையில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. யாழ்ப்பாணத் தமிழைக் கேட்டாலே எனக்குக் காது குளிரும். ஆனால் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட தோட்டத் தமிழர்களோடு கூடலூருக்குப் போன என் பெரிய மாமாவும், இங்கேயே தங்கிவிட்ட அம்மாவும் இன்றைக்கும் தொலைபேசியில் ஒரே பேச்சைத்தான் பேசுகிறார்கள். அங்கே மாமாவை ‘சிலோன்காரர்’ என்கிறார்கள்; இங்கே அம்மாவை ‘இந்தியாக்காரர்’ என்கிறார்கள். இரண்டு பக்கத்துப் படங்களிலும் இவர்களுக்கு இடம் இல்லை என்பதைத்தான் அம்மா தன் பாணியில் கேட்டார் என்று எனக்குப் பட்டது.

தேயிலை மலை திரையில் வராமல் இல்லை, பாட்டுக்கு அடிக்கடி வருகிறது. கதாநாயகி கூடையைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு ஓர் இலையாகப் பார்த்துப் பார்த்துக் கிள்ளுவார். அதைப் பார்த்தால் அம்மாவுக்குக் கோபமே வரும். கூடையின் கயிறு தலையில் இருக்க வேண்டும், இடுப்பில் படங்குத் துணி இறுக்கிக் கட்டியிருக்க வேண்டும், இரண்டு கையும் ஒரே நேரத்தில் ஓட வேண்டும், பிடி நிறைந்ததும் பார்க்காமலேயே தோளுக்கு மேலாகக் கூடைக்குள் போட வேண்டும் என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை ஆட்டிக் காட்டுவார். அம்மாவின் வலது கட்டைவிரலில் உள்ள கறுத்த வெடிப்பு, வேலையை விட்டு ஆறு வருடங்களாகியும் ஆறவில்லை.

எனவே என் கேள்வி இதுதான். நம் மக்களை, நம் பேச்சை, நம் வேலையை உள்ளபடி காட்டிய படமோ தொடரோ உங்களுக்குத் தெரிந்து உண்டா? அண்மையில் நீங்கள் பார்த்தவற்றில், எழுபதைத் தொடும் ஓர் அம்மாவுடன் உட்கார்ந்து பார்க்க எதைச் சொல்வீர்கள்? அவருக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கத்தான் தெரியும். வேற்று மொழிப் படம் என்றால் நான் பக்கத்தில் இருந்து சொல்ல வேண்டும்.

போகவந்தலாவைப் பெரியவர் எழுதியது:

மகளே, உங்கள் அம்மாவிடம் ஒரு பதிலைச் சொல்லுங்கள்: காட்டியிருக்கிறார்கள், ஐம்பது வருடங்களுக்கு முன்பே காட்டியிருக்கிறார்கள். 1975ஆம் ஆண்டில் ‘புதிய காற்று’ என்ற படம் வந்தது. தொழிற்சங்கத் தலைவர் வி. பி. கணேசன் தானே தயாரித்துத் தானே கதாநாயகனாக நடித்த படம். எஸ். இராமநாதன் இயக்கினார். தோட்டத் தொழிலாளியின் கதை, இந்த மலைகளில் எடுக்கப்பட்டது. அப்போது எனக்குப் பதினேழு வயது. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்திலும் சங்கக் கூட்டத்திலும் நாங்கள் பார்த்த ஒரு மனிதர் திரையில் வந்து நிற்கிறார் என்பதே எங்களுக்குப் பெரிய அதிசயமாக இருந்தது. தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்திலிருந்து பதினொரு பேர் பகல் வேலை முடித்துவிட்டு, மழையில் நனைந்துகொண்டே டவுனுக்கு நடந்து போய் இரவுக் காட்சி பார்த்தோம். திரும்பி வந்தபோது மறுநாள் பெரட்டுக்குத் தப்படிக்கும் நேரம் நெருங்கிவிட்டது. நான் தூங்காமலேயே வேலைக்குப் போனேன்.

கணேசன் அதன் பின் 1978இல் ‘நான் உங்கள் தோழன்’, 1981இல் ‘நாடு போற்ற வாழ்க’ என்று மேலும் இரண்டு படங்களைத் தந்தார். தமிழ்நாட்டுப் படங்களின் பாணி அவற்றில் நிறையவே இருந்தது, சண்டையும் பாட்டும் அப்படியே எம்.ஜி.ஆர். படங்களை நினைவூட்டும். இளைஞர்கள் இன்று பார்த்தால் நடிப்பு மிகை என்பார்கள், அதை நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ‘கங்காணி’, ‘கணக்கப்பிள்ளை’, ‘துரை’, ‘கொழுந்து மடுவம்’ என்ற சொற்களைத் திரையரங்கில் கேட்டபோது முன்வரிசையில் எழுந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. நம் வாயில் தினமும் புழங்கும் சொல் ஒரு பெரிய ஒலிபெருக்கியில் திரும்பி வரும்போது மனம் எப்படி ஆகும் என்பது அதைக் கேட்டவர்களுக்குத்தான் தெரியும்.

அந்தக் காலத்தில் இந்தியப் படங்களின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருந்ததால் உள்ளூர்த் தமிழ்ப் படங்களுக்கு ஒரு சிறு வழி திறந்தது. பின்னர் அந்த வழி அடைபட்டுப் போனது. 1983 யூலைக் கலவரத்தில் ஹெந்தளையில் இருந்த விஜயா ஸ்டூடியோ எரிக்கப்பட்டது இந்நாட்டுத் திரைத் தொழிலுக்கே விழுந்த பேரடி. நம் கதையைச் சொல்லத் தொடங்கியவர்களுக்குத் தொடர்ந்து சொல்லும் வாய்ப்பு இல்லாமற் போயிற்று.

தொலைக்காட்சி எங்கள் தோட்டத்துக்கு வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன், அதுவும் இதோடு சேர்ந்ததுதான். அரச தொலைக்காட்சியான ரூபவாஹினி 1982 பெப்ரவரியில் தொடங்கியது. லயங்களுக்கு மின்சாரம் இல்லை. மேட்டு லயத்தில் ஒருவர் கறுப்பு வெள்ளைப் பெட்டி ஒன்றை வாங்கி, கார் பேட்டரியில் ஓட்டினார். வெள்ளிக்கிழமை அந்தப் பேட்டரியைத் தோளில் சுமந்து டவுனுக்குக் கொண்டுபோய்ச் சார்ஜ் ஏற்றி வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப்படம் போட்டால் காம்பரா அறையில் இடம் கிடைக்காது. முன் திண்ணையான இஸ்தோப்பிலும் சன்னலிலும் தலைகள் தொங்கும். படம் முடியும் முன்பே பேட்டரி இறங்கி, படம் சுருங்கிச் சுருங்கி ஒரு புள்ளியாக மறைந்துபோகும். முடிவைத் தெரிந்துகொள்ள ஏற்கெனவே பார்த்த ஒருவரைத் தேடிப் போவோம். உங்கள் அம்மாவுக்கும் இப்படி ஏதாவது நினைவு இருக்கும், கேட்டுப் பாருங்கள்.

கண்டித் திரை ஆர்வலன் எழுதியது:

ஐயா சொன்னதைப் படித்தபோது மனம் நெகிழ்ந்தது. நான் அண்மைக்கால உதாரணம் ஒன்றைச் சொல்கிறேன். இலங்கை இயக்குநர் பிரசன்ன விதானகே இயக்கிய ‘பாரடைஸ்’. 2023இல் தென்கொரியாவின் பூசான் திரைப்பட விழாவில் கிம் ஜிசோக் விருது பெற்று, அடுத்த ஆண்டு யூனில் இந்தியாவில் திரையரங்குகளுக்கு வந்தது. மணிரத்னத்தின் மெட்ராஸ் டாக்கீஸ் அதை வழங்கியது. 2022 நெருக்கடியின்போது, எரிபொருளும் மின்சாரமும் இல்லாத நாட்களில், கேரளத்திலிருந்து ஒரு தம்பதி தங்கள் ஐந்தாவது திருமண நாளைக் கொண்டாட நம் மலைநாட்டுக்கு வருகிறார்கள். இராமாயணத் தலங்களைப் பார்ப்பது அவர்கள் திட்டம். இரவில் அவர்களுடைய மடிக்கணினியும் தொலைபேசிகளும் களவு போகின்றன. பொலிஸார் உடனே எங்கே போகிறார்கள் என்று நினைக்கிறீர்கள்? தோட்டத்துத் தமிழ் இளைஞர்களிடம்தான்.

இந்தப் படத்தை நான் மிக உயர்வாக மதிப்பதற்குக் காரணம், நம்மவர்கள் அதில் மிகக் குறைந்த நேரமே வந்தாலும், அவர்களை யார் எப்படிப் பார்க்கிறார்கள் என்பதை அது விடாமல் பின்தொடர்கிறது. மலையாளம், ஆங்கிலம், சிங்களம், தமிழ் ஆகிய நான்கு மொழிகளும் ஒலிக்கின்றன. பொருளை இழந்த விருந்தாளிக்கு மரியாதை கிடைக்கிறது, சந்தேகத்தில் பிடிபட்டவனுக்கு அடி கிடைக்கிறது. யார் களவாடியது என்று தெரிவதற்கு முன்பே அந்த அடி விழுந்துவிடுகிறது. மனைவியாக வரும் தர்ஷனா ராஜேந்திரன் இதை மெல்ல மெல்ல உணர்ந்துகொள்ளும் முகபாவம் அபாரம். கணவனாக ரோஷன் மேத்யூ, சாரதியாக சியாம் பெர்னாண்டோ, பொலிஸ் சார்ஜன்டாக மகேந்திர பெரேரா ஆகியோரில் எவரையும் முழுக்கக் கெட்டவர் என்று ஒதுக்கிவிட முடியாது, அதுவே படத்தைக் கனமாக்குகிறது. ஆனால் டீச்சர், அடி வாங்கும் காட்சிகள் அம்மாவுக்குத் தாங்காது. முதலில் நீங்கள் தனியாகப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இதே இயக்குநர் 2012இல் எடுத்த ‘ஒப நதுவ ஒப எக்க’ என்ற சிங்களப் படத்திலும் மலைநாட்டுச் சிறு நகரம் ஒன்றுதான் களம். அடகுக்கடை வைத்திருக்கும் சிங்களவர் ஒருவருக்கும், போரில் சகோதரர்களை இழந்து வடக்கிலிருந்து வந்து தங்கியிருக்கும் தமிழ்ப் பெண்ணுக்கும் நடக்கும் திருமணத்தின் கதை. அஞ்சலி பாட்டீலுக்குக் கோவா சர்வதேச விழாவில் சிறந்த நடிகைக்கான விருது கிடைத்தது. இரவில் அந்த மனிதர் தொலைக்காட்சியில் மல்யுத்தம் பார்ப்பதும், அவள் பக்கத்தில் இருந்தும் வேறெங்கோ இருப்பதுமான காட்சிகளில் ஒரு வீட்டின் மௌனம் முழுவதும் இருக்கிறது. 2014இல் சென்னையில் எதிர்ப்பின் காரணமாகத் திரையிடல் நிறுத்தப்பட்டது எனக்கு இன்றும் வருத்தம்தான். ஆனாலும் அந்தப் பெண் வடக்கைச் சேர்ந்தவள். களம் நம்முடையது, கதை நம்முடையது அல்ல. உங்கள் அம்மா அதே கேள்வியை மறுபடியும் கேட்பார்.

அம்மாவுடன் பார்ப்பதற்கு நான் சொல்வது ‘800’. முத்தையா முரளிதரனின் வாழ்க்கைப் படம், எம். எஸ். ஸ்ரீபதி இயக்கி 2023 ஒக்டோபரில் வந்தது. விஜய் சேதுபதி நடிப்பதாக இருந்து விலகியபின் மதுர் மிட்டல் நடித்தார். கிரிக்கெட் தெரியாதவர்களுக்கும் அதன் தொடக்கப் பகுதி புரியும். தேயிலைத் தோட்ட வேலைக்காகக் கடல் கடந்து கொண்டுவரப்பட்ட தமிழர்களின் வழிவந்த குடும்பம் அது என்பதை மறைக்காமல் சொல்கிறார்கள். குடும்பத்தின் பிஸ்கட் தொழிற்சாலை 1977 கலவரத்தில் தாக்கப்படுவதையும், சிறுவன் அந்தப் பயத்துடன் வளர்வதையும் காட்டுகிறார்கள். பிற்பகுதியில் ஆட்ட வரலாறு வேகமாக ஓடிவிடுகிறது. வீட்டுக்குள் நடக்கும் காட்சிகள் இன்னும் கொஞ்சம் நீண்டிருக்கலாம் என்று நினைத்தேன். ஆயினும் நம் பக்கத்து மனிதர் ஒருவர், நம் வரலாற்றோடு சேர்த்து, ஒரு முழுப் படத்துக்குக் கதாநாயகனாக இருக்கிறார்.

பசறை இளைஞன் எழுதியது:

டீச்சருக்கு வணக்கம். யாரும் இன்னும் ‘பரதேசி’யைச் சொல்லவில்லையே என்று பார்த்தேன். 2013இல் பாலா எடுத்த படம். தமிழ்நாட்டுக் கிராமம் ஒன்றிலிருந்து கங்காணி ஆசை காட்டிக் கூட்டிப்போகும் மக்கள், தேயிலைத் தோட்டத்தில் கடனாளிகளாகி ஊர் திரும்பவே முடியாமற் போவதுதான் கதை. அது ஆனைமலைப் பக்கத்து வரலாறு. இரா. முருகவேள் ‘எரியும் பனிக்காடு’ என்று மொழிபெயர்த்த, டாக்டர் பி. எச். டேனியலின் ஆங்கில நாவலை அடியொற்றியது. என்றாலும் என் அப்பாயி தன் பாட்டன் வந்த கதையைச் சொல்லும்போது கேட்ட அத்தனையும் அதில் இருந்தன. முன்பணம், கணக்குப் புத்தகத்தில் ஏறிக்கொண்டே போகும் கடன், அட்டைக்கடி, கொள்ளை நோய் எல்லாம் அப்படியே. நம்மவர்கள் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியாக மாத்தளை வரை நடந்தார்கள், வழியிலேயே எத்தனையோ பேர் இறந்தார்கள் என்பது மட்டும்தான் வித்தியாசம். 2023இல், நம்மவர்கள் இந்நாட்டுக்கு வந்த இருநூறு ஆண்டுகளைக் குறித்த மலையகம் 200 நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தவர்களோடு கடைசி இரண்டு நாட்கள் நானும் நடந்தேன். நடந்த இரவுகளில் அந்தப் படம்தான் என் கண்ணுக்குள் ஓடியது.

அதே நேரத்தில் அந்தப் படத்தின் மேல் எனக்குத் தீராத வருத்தம் ஒன்றும் உண்டு. மூலநாவலில் தொழிலாளர்களின் உயிரைக் காக்கப் பாடுபடும் மருத்துவர், படத்தில் மதம் பரப்பப் பாட்டும் ஆட்டமுமாக வருபவராக மாற்றப்பட்டுவிட்டார். அதை எழுதிய டேனியல் தானே தோட்டங்களில் மருத்துவராக இருந்து, தொழிலாளர்களுக்காகச் சங்கம் அமைத்துப் போராடியவர். அவருடைய அனுபவத்திலிருந்து எடுத்த கதையில் அவரைப் போன்ற ஒருவருக்கே இப்படி ஒரு கோலம் கொடுத்தது நியாயம் இல்லை. கடைசியில் தன் மனைவியும் பிள்ளையும் அதே தோட்டத்துக்குள் வந்து சேர்வதைப் பார்த்து நாயகன் அதர்வா பாறையில் உட்கார்ந்து “நியாயமாரே” என்று கதறும் இடத்துக்காக மட்டும் நான் மற்றவற்றைப் பொறுத்துக்கொள்கிறேன். அம்மாவுக்கு வேண்டாம் என்பதே என் கருத்து. அது பார்த்தவரை இரண்டு நாள் தூங்கவிடாத படம்.

அம்மாவுக்கு நான் சொல்வது ‘வாழை’. மாரி செல்வராஜ் தன் சிறுவயதையே எடுத்து வைத்த படம், 2024 ஓகஸ்டில் வந்தது. தூத்துக்குடி மாவட்டம், வாழைத்தார் சுமக்கும் ஊர். இலங்கை என்ற சொல்லுக்கே அதில் வேலை இல்லை. ஆனால் பாடசாலை விடுமுறை நாளில் விளையாட வேண்டிய பிள்ளை, வீட்டுக் கடனுக்காகச் சேற்றில் கால் புதையத் தார் சுமக்கிறான். பெரியவர்கள் தார் ஒன்றுக்கான கூலியைச் சற்று உயர்த்திக் கேட்கிறார்கள், அந்தக் கேள்விக்கு அவர்கள் கொடுக்கும் விலை பெரிது. ஆயிரம் ரூபாய் நாட்சம்பளத்துக்காக நாம் எத்தனை வருடங்கள் பதாகை பிடித்தோம் என்பதை நினைத்துக்கொண்டு அந்தக் காட்சியைப் பாருங்கள். பேச்சு நெல்லைப் பேச்சுத்தான், ஆனாலும் அம்மாவுக்கு ஒரு வார்த்தையும் விளக்க வேண்டியிருக்காது.

நாவலப்பிட்டி அக்கா எழுதியது:

எல்லோரும் படங்களைப் பற்றியே சொல்கிறீர்கள். டீச்சரின் அம்மா கிழமையில் ஆறு நாட்கள் பார்ப்பது தொடர்களைத்தான். தொடர் என்றாலே அழுகை, சதி என்று ஒதுக்குவதை நான் ஏற்றுக்கொள்வதில்லை, என் அனுபவம் வேறு.

நான் பதினெட்டு வயதில் கட்டுநாயக்காவில் ஓர் ஆடைத் தொழிற்சாலைக்குப் போய் ஆறு வருடங்கள் வேலை செய்தேன். நம் தோட்டங்களிலிருந்து எத்தனை பெண்பிள்ளைகள் இப்படிப் போகிறார்கள் என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதனால் சன் டிவியில் 2023இல் ‘சிங்கப்பெண்ணே’ தொடங்கியபோது என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை. கிராமத்துப் பெண் ஆனந்தி வீட்டுக் கஷ்டத்துக்காகச் சென்னைக்கு வந்து விடுதியில் தங்கி ஆடைத் தொழிற்சாலையில் தையல் இயந்திரத்தின் முன் உட்காருகிறாள். ஊருக்குத் தொலைபேசியில் பேசும்போது “நல்லா இருக்கேன்” என்று சிரித்துச் சொல்லிவிட்டுப் பிறகு அழுகிறவள் யாராக இருந்தாலும் அது நான்தான். எங்கள் அறையில் ஆறு பேர். சம்பள நாளில் வீட்டுக்கு அனுப்பும் காசைத் தனியாக எண்ணி, ஒரு சிறிய துணிப் பையில் போட்டுத் தலையணை உறைக்குள் வைத்துத் தைத்துவிடுவேன். மாதக் கடைசியில் ஊருக்குப் போகும் பஸ்ஸில் ஏறிய பிறகுதான் அந்தத் தையலைப் பிரிப்பேன்.

குறையையும் சொல்ல வேண்டும். அந்தத் தொடரின் தொழிற்சாலை மிகவும் சுத்தமாக இருக்கிறது. மணிக்கு இத்தனை உருப்படி என்று பலகையில் எழுதி வைத்திருக்கும் கணக்கு, நெஞ்சில் இறங்கும் துணித் தூசி, கழிவறைக்குப் போகக்கூடக் கேட்க வேண்டிய நிலை ஆகியவை ஏறக்குறைய இல்லை. போகப் போகக் காதல் பிரச்சினையே கதை முழுவதையும் எடுத்துக்கொண்டது. வேலையைப் பற்றி ஒரு கிழமை, ஒரே ஒரு கிழமை, முழுதாகக் காட்டியிருந்தால் அந்தத் தொடரை நான் தலையில் வைத்துக் கொண்டாடியிருப்பேன்.

‘எதிர்நீச்சல்’ பற்றியும் ஒரு வார்த்தை. திருச்செல்வம் இயக்கிய அந்தத் தொடர் 2022 முதல் 2024 வரை ஓடியபோது, எங்கள் லயத்தில் இரவுச் சமையலை முன்கூட்டியே முடித்துவிட்டுப் பெண்கள் ஒரே வீட்டில் கூடுவோம். ஆதி குணசேகரனாக வந்த மாரிமுத்து 2023 செப்டம்பரில் இறந்தபோது, அவரை அத்தனை நாள் திட்டித் தீர்த்த எங்கள் பெரியம்மா அன்றிரவு சாப்பிடவில்லை. வீட்டு ஆண்கள் முன் வாய் திறக்காத மருமகள்கள் அடுப்பங்கரையில் ஒருவருக்கொருவர் தைரியம் சொல்லிக்கொள்வதை அந்தத் தொடர் பொறுமையாகக் காட்டியது. அது ஓடிய காலத்தில்தான் எங்கள் லயத்தில் இரண்டு அக்காமார் தங்கள் சம்பளத்தைக் கணவரிடம் கொடுக்காமல் தாங்களே கையெழுத்திட்டு வாங்கத் தொடங்கினார்கள். தொடர்தான் காரணம் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வீட்டில் உட்கார்ந்து நாங்கள் பேசியது அதைப் பற்றித்தான்.

பேச்சைப் பற்றி டீச்சர் கேட்டதால் இன்னொன்று. 2023இல் ஜீ தமிழின் ‘சரிகமப’ சிறுவர் மேடையில் புசல்லாவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து போன சிறுமி பாடினாள். அவளுடைய பாட்டைவிட, நடுவர்கள் கேட்ட கேள்விக்கு அவள் பயந்து பயந்து சொன்ன பதில்கள்தான் எனக்கு நினைவில் நிற்கின்றன. அது நம் பேச்சு. நம் வறுமையை நீளமாகக் காட்டியது சிலருக்குப் பிடிக்கவில்லை, எனக்கும் மனம் கொஞ்சம் சுருங்கியது. ஆனாலும் இலங்கையில் இப்படிப் பேசும் தமிழர்களும் இருக்கிறார்கள் என்று உங்கள் ஓட்டோ அண்ணனைப் போன்ற எத்தனையோ பேர் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டிருப்பார்கள்.

டிக்கோயா ஆசிரியை மீண்டும் எழுதியது:

எல்லோருக்கும் என் மனமார்ந்த நன்றி. பெரியவர் ஐயா எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். பேட்டரி இறங்கிப் படம் புள்ளியாக மறையும் இடம் வந்ததும் குலுங்கிச் சிரித்தார். ‘புதிய காற்று’ படத்தைத் தன் அண்ணன், அதாவது இப்போது கூடலூரில் இருக்கும் மாமா, பார்த்துவிட்டு வந்து கதை சொன்னதாகவும், தன்னைக் கூட்டிப் போகவில்லை என்று அன்று சண்டை போட்டதாகவும் சொன்னார். இத்தனை வருடங்களில் இந்தக் கதையை அவர் என்னிடம் சொன்னதே இல்லை. உடனே மாமாவைத் தொலைபேசியில் அழைத்து, அந்தச் சண்டையை விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்.

நாவலப்பிட்டி அக்கா சொன்னதைப் பற்றி நானும் யோசித்தேன். அம்மா தொடர் பார்க்கும் நேரத்தில் இனிக் கொப்பியை மூடிவைத்துவிட்டு அரை மணி நேரமாவது சேர்ந்து பார்க்கிறேன். ‘பாரடைஸ்’ படத்தைச் சனிக்கிழமை இரவு தனியாகப் பார்த்தேன். கண்டி அன்பர் எச்சரித்தது சரி. என் பாடசாலையில் படித்துவிட்டுப் போன பையன்களின் முகங்கள் அந்தப் பொலிஸ் நிலையத்தில் வரிசையாகத் தெரிந்தன. அம்மாவுக்குக் காட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ‘வாழை’ பார்த்தோம். தம்பி, நீங்கள் சொன்னது போல ஒரு வார்த்தையும் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை, எனக்குத்தான் அம்மா விளக்கிக்கொண்டிருந்தார். சிறுவர்கள் தார் சுமக்கும் காட்சியில், தான் பன்னிரண்டு வயதில் ‘அரைப் பேர்’ போட்டு, அதாவது அரை நாட்கூலிக்கு, மலைக்குப் போன கதையைச் சொன்னார். மழை நாளில் கொழுந்து நனைந்திருக்கிறது என்று சொல்லி, நிறுக்கும்போதே இரண்டு மூன்று கிலோவைத் தண்ணீருக்கும் கூடைக்குமாகக் கழித்துவிடுவார்களாம். கூலியை உயர்த்திக் கேட்கும் இடத்தில், “கேட்டுட்டாங்கல்ல, இனி என்ன செய்வானோ” என்று படத்துக்கு முன்பே சொல்லிவிட்டார். பசியோடு அந்தப் பையன் வீட்டுக்கு ஓடி வரும் கடைசிப் பகுதியில் பேச்சை நிறுத்திவிட்டார். கையில் இருந்த தேத்தண்ணி ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது.

படம் முடிந்ததும், இலங்கை என்றோ நம் பேச்சு என்றோ அவர் எதையும் கேட்கவில்லை. எழுந்து உள்ளே போய், தூங்கிக்கொண்டிருந்த என் மகனை எழுப்பி, சாப்பிட்டாயா என்று கேட்டார். அவன் ஏழு மணிக்கே சாப்பிட்டுவிட்டான் என்று நான் சொன்னபிறகும், ரொட்டி ஒன்றைச் சுட்டுத் தேங்காய்ச் சம்பலுடன் அவன் கையில் கொடுத்து, அவன் அரைத் தூக்கத்தில் தின்று முடிக்கும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

அடுத்த ஞாயிறு ‘800’ பார்ப்பதாக இருக்கிறோம். முரளியின் படம் என்று சொன்னவுடன் மகனும் கூட உட்காருவதாகச் சொல்லியிருக்கிறான்.